என் பெயர் தவறா? ஒரு சாய்கோடும் சில விண்வெளித் தொடர்களும்

"அண்ணே, என் பேரு தப்புன்னு கம்ப்யூட்டர் சொல்லுது."

கடந்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பக்கத்து வீட்டு அக்காவின் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எஸ்.பி.எம். எழுதி முடித்தவள். மேற்படிப்புக்கான ஓர் இணைய விண்ணப்பத்திற்கு அன்றுதான் இறுதி நாள். இரவு 11.59க்கு விண்ணப்பம் மூடிவிடும். மணி அப்போது ஒன்பதைத் தாண்டியிருந்தது.

திரையைப் பார்த்தேன். பெயர் எழுதும் கட்டத்திற்கு மேலே, 'அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதவும்' என்று இருந்தது. அவள் அப்படியே எழுதியிருந்தாள்: தன் பெயர், பிறகு 'ஏ/பி', பிறகு அப்பா பெயர். கட்டத்திற்குக் கீழே சிவப்பு எழுத்தில், 'தவறான பெயர். சிறப்புக் குறிகளுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. சாய்கோட்டை எடுத்துவிட்டு எழுதினோம். இப்போது வேறொரு செய்தி: 'பெயர் அடையாள அட்டையுடன் பொருந்தவில்லை.'

சாய்கோடு போட்டால் தவறான பெயர். போடாவிட்டால் அவளுடைய பெயரே இல்லை. பிறந்த நாள் முதல் அவளோடு இருக்கும் பெயரை எழுத அந்தப் படிவத்தில் வழியே இல்லை.

மாணவ நண்பர்களே, இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. குளுவாங்கில் கணினி பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்கள் என் பைத்தியம். இந்த இரண்டும் என் வாழ்க்கையில் ஒரு சாய்கோட்டில் வந்து முட்டிக்கொண்ட கதையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

மாமாவின் வீடியோ நாடாக்கள்

நான் தோட்டத்தில் வளர்ந்தவன். அப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. எங்கள் வீட்டில் தெரிந்த அலைவரிசைகள் குறைவு. ஆனால் ஜொகூர் பாருவில் இருந்த மாமா வீட்டில் சிங்கப்பூர் அலைவரிசைகளும் தெரியும். மாமா அவற்றில் வரும் ஆங்கிலத் தொடர்களை வீடியோ நாடாவில் பதிந்து வைப்பார். பள்ளி விடுமுறைக்குப் போனால் நான் அந்த நாடாக்களே கதி என்று கிடப்பேன். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டார் டிரெக்.

அந்தத் தொடர் முதன்முதலில் அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி ஒளிபரப்பானது. மனிதன் நிலவில் கால் வைக்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்த காலம் அது. முதல் தொடர் மூன்று பருவங்களில், 79 அத்தியாயங்களோடு முடிந்தது. 1987இல் 'அடுத்த தலைமுறை' என்ற பெயரில் புதிய தொடர் வந்தது. மாமா பதிந்து வைத்திருந்தது இந்த இரண்டாவது தொடரைத்தான்.

என்னைக் கட்டிப்போட்டது விண்கலமோ வேற்றுக்கிரகவாசிகளோ அல்ல. கப்பலில் இருந்த கணினிதான். கப்பல் தலைவர் நின்ற இடத்திலிருந்தே "கம்ப்யூட்டர்" என்று கூப்பிடுவார். ஒரு பெண் குரல் பதில் சொல்லும். அந்தக் குரல், தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் மனைவி மேஜல் பாரெட்டினுடையது. அந்தக் கணினியிடம் யாரும் கடவுச்சொல்லை மறந்துவிட்டு விழிப்பதில்லை. யாரும் நீண்ட படிவத்தை நிரப்பியபின் 'உங்கள் நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் தொடங்கவும்' என்ற செய்தியைப் பார்ப்பதில்லை. பேசினால் புரிந்துகொள்ளும். எந்த மொழியில் பேசினாலும் மொழிபெயர்த்துக் கொடுக்க ஒரு கருவியும் உண்டு.

கணினி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தேன். அந்த நம்பிக்கைதான் பிறகு என்னைக் காயப்படுத்தியது.

ஒரு சைபர் கஃபே இரவு

2006ஆம் ஆண்டு எனக்குப் பதினெட்டு வயது. பொறியியல் படிக்க ஓர் உதவிச் சம்பளத்திற்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வீட்டில் இணையம் இல்லை. குளுவாங் பட்டணத்தில் ஒரு சைபர் கஃபேயில் உட்கார்ந்தேன். அப்பா மோட்டார் சைக்கிளோடு வெளியே காத்திருந்தார். அன்றைக்கும் அதே கதைதான். 'ஏ/எல்' என்று எழுதினேன், ஏற்கவில்லை. சாய்கோடு இல்லாமல் எழுதினேன். அடுத்த பக்கம் திறந்தது. எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பும் பொத்தானை அழுத்தினால், பெயர் பொருந்தவில்லை என்று மறுபடியும் முதல் பக்கத்திற்கே கொண்டுபோய் விட்டது. நிரப்பியவை எல்லாம் அழிந்துபோயின. 'அனாக் லெலாக்கி' என்று முழுதாக எழுதிப் பார்த்தேன். கட்டத்தில் இடம் போதவில்லை. மூன்றாவது முறை நிரப்பிக்கொண்டிருந்தபோது கடை மூடும் நேரமாகிவிட்டது. மறுநாள் விண்ணப்பம் முடிந்துவிட்டிருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுடா. நீதான் எங்கேயோ தப்பா அழுத்தியிருப்பே."

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அதைத்தான் நினைத்தேன். ஸ்டார் டிரெக் கணினி எல்லோரையும் புரிந்துகொள்கிறது. இந்தக் கணினி என்னைப் புரிந்துகொள்ளவில்லை. அப்படியென்றால் குறை என்னிடம்தான். பல ஆண்டுகள் அந்த எண்ணத்தோடே இருந்தேன். இயந்திரப் பொறியாளர் ஆகும் ஆசை அந்த இரவோடு போனது. பிறகு கணினித் துறையில் டிப்ளோமா படிக்கச் சேர்ந்தேன். விருப்பத்தால் அல்ல, கிடைத்த இடம் அதுதான் என்பதால்.

நானே எழுதிய வேலி

டிப்ளோமாவின் இரண்டாம் பருவத்தில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். மாணவர் பதிவுக்கு ஒரு சிறிய நிரல் எழுத வேண்டும். பெயர்க் கட்டத்தில் யாரும் எண்களையோ வேண்டாத குறிகளையோ எழுதிவிடாதபடி சரிபார்க்க வேண்டும். நான் ஒரே வரியில் விதி எழுதினேன்: ஏ முதல் இசட் வரையிலான எழுத்துகளும் இடைவெளியும் மட்டும் அனுமதி. சுருக்கமாக, அழகாக இருந்தது. பெருமையோடு ஓட்டிப் பார்த்தேன். சோதனைக்காக என் பெயரையே தட்டினேன்.

'தவறான பெயர்' என்றது, நான் எழுதிய நிரல்.

அந்தத் திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் செய்தியைக் கணினி யோசித்துச் சொல்லவில்லை. பத்து நிமிடத்திற்கு முன்னால் நான்தான் அதை எழுதியிருந்தேன். பெயர் என்றால் எழுத்துகள் மட்டும்தான் என்று நானே, என் பெயரையே மறந்துவிட்டு, முடிவு செய்திருந்தேன். சைபர் கஃபேயில் என்னைத் திருப்பி அனுப்பியதும் இதே போன்ற ஒருவர்தான். அவருக்கு என்மேல் கோபம் எதுவும் இல்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டியிருந்த, என்னைப் போன்ற பெயர் கொண்ட ஒருவரைக்கூட அப்போது நினைத்துப் பார்க்காத ஒரு மனிதர்.

சாய்கோட்டை ஏன் தடுக்கிறார்கள் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. இணைய முகவரியில் ஒரு பகுதியை அடுத்த பகுதியிலிருந்து பிரிப்பது சாய்கோடு. கோப்பின் பெயரில் அதை வைக்க விண்டோஸ் இயங்குதளம் அனுமதிக்காது. விண்ணப்பதாரரின் பெயரிலேயே கோப்பைச் சேமிக்கும் மென்பொருளாக இருந்தால் 'ஏ/எல்' வந்ததும் தடுமாறும். அயர்லாந்துக்காரர்களின் ஓ'பிரையன் போன்ற பெயர்களில் வரும் மேற்குறிக்கும் இதே தலைவலி. தரவுத்தளக் கட்டளைகளில் அந்தக் குறி ஒரு சொற்றொடரின் முடிவைக் காட்டும். தீய நோக்கம் கொண்டவர்கள் அதைப் பயன்படுத்தித் தரவுத்தளத்திற்குள் நுழைய முடியும். அதனால் பயந்து எல்லாக் குறிகளையும் மொத்தமாகத் தடை செய்துவிடுகிறார்கள்.

ஆனால் இதற்குச் சரியான வழி வேறு. பெயரை எழுதியபடியே ஏற்றுக்கொள்ள வேண்டும். தரவுத்தளத்திற்கு அனுப்பும்போது கட்டளை வேறு, தகவல் வேறு என்று பிரித்து அனுப்ப வேண்டும். கோப்புக்குப் பெயரை வைக்காமல் ஓர் எண்ணை வைக்க வேண்டும். கணினி படிக்கும் மாணவர்கள் முதலாண்டிலேயே கற்கக்கூடிய பாடம் இது. நுழைவாயில் சிறிதாக இருக்கிறது என்றால் வாயிலைத்தான் பெரிதாக்க வேண்டும். வருகிறவரின் தலையைச் சீவக்கூடாது.

உலகம் முழுவதும் உள்ள தலைவலி

பெயர்ச் சிக்கல் நமக்கு மட்டும் உரியது அல்ல. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைக்கும் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் எத்தனை பேருக்கு அது பொருந்தும்? மலாய் நண்பருக்கு 'பின்', 'பிந்தி'க்குப் பிறகு வருவது தந்தையின் பெயர். சீன நண்பருக்குக் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. இந்தோனேசியாவின் முதல் இரண்டு அதிபர்களான சுகர்னோவுக்கும் சுகார்த்தோவுக்கும் ஒற்றைப் பெயர்தான். ஐஸ்லாந்து மக்களும் பெரும்பாலும் நம்மைப் போலவே தந்தையின் பெயரைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள்.

2010இல் பேட்ரிக் மெக்கென்சி என்ற மென்பொருளாளர், பெயர்களைப் பற்றி நிரல் எழுதுபவர்கள் நம்பும் தவறான கருத்துகளை ஒரு பட்டியலாக எழுதினார். அமெரிக்கரான அவர் அப்போது ஜப்பானில் வாழ்ந்தார். அமெரிக்காவில் சாதாரணமான அவருடைய பெயர் ஜப்பானியக் கட்டகங்களில் சிக்கிக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு முழுப்பெயர்தான் உண்டு, பெயர் மாறவே மாறாது, பெயரில் எண்ணோ குறியோ வராது என்ற எண்ணங்கள் எல்லாம் தவறு என்பது அந்தப் பட்டியலின் சாரம். மென்பொருள் துறையில் பரவலாகப் படிக்கப்பட்ட எழுத்து அது. ஊர் மாறினால் யாருடைய பெயரும் 'தவறான பெயர்' ஆகலாம் என்பதை அதைப் படித்தபோது உணர்ந்தேன்.

இந்த இடத்தில் எனக்கு எழுத்தாளர் சுஜாதா நினைவுக்கு வருகிறார். அவருடைய 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தது. பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. ஜீவா என்பவரின் ஆட்சியில் இருக்கும் வருங்கால இந்தியாவில் கதை நடக்கிறது. அங்கே குழந்தை பெற்றுக்கொள்ளவும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். மக்களின் பெயர்களுக்கு இரண்டே எழுத்துதான்: நிலா, சிபி, ரவி. ஜீனோ என்ற இயந்திர நாய் தமிழில் பேசும், புத்தகம் படிக்கும், கேலியும் செய்யும். கதையின் முடிவைச் சொல்லி உங்கள் சுவையைக் கெடுக்க மாட்டேன். நூலகத்தில் தேடிப் படியுங்கள்.

சுஜாதா வெறும் கற்பனையாளர் அல்லர். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்காற்றியவர். கட்டகங்கள் மனிதர்களை எப்படி நடத்தும் என்பது அவருக்குத் தெரியும். சிறு வயதில் படித்தபோது, இரண்டெழுத்துப் பெயர் வேடிக்கையாக இருந்தது. இப்போது படித்தால் வேடிக்கையாக இல்லை. பெயரைக் கட்டத்திற்கு ஏற்ப வெட்டும் ஓர் ஆட்சி, மனிதர்களையும் அப்படியே வெட்டும் என்று அவர் அப்போதே சொல்லியிருக்கிறார்.

மறுபடி பார்த்தபோது தெரிந்தது

என் நிரல் என்னையே திருப்பி அனுப்பிய பிறகு, மாமாவின் பழைய தொடரை மறுபடியும் முழுதாகப் பார்த்தேன். சிறு வயதில் கண்ணில் படாத பல விஷயங்கள் இப்போது தெரிந்தன. அந்தக் கப்பல் கணினி ஒன்றும் தவறே செய்யாத தெய்வம் இல்லை.

1988இல் வந்த ஓர் அத்தியாயத்தில் பொறியாளர் ஜோர்டி, துப்பறியும் விளையாட்டு ஒன்றுக்காக, டேட்டா என்ற இயந்திர மனிதனைத் தோற்கடிக்கக்கூடிய ஓர் எதிரியை உருவாக்கச் சொல்கிறார். அவர் நினைத்தது, கதையில் வரும் ஷெர்லாக் ஹோம்ஸைத் தோற்கடிக்கக்கூடிய எதிரியை. வாய் தவறி டேட்டாவின் பெயரைச் சொல்லிவிட்டார். கணினி சொன்னதைச் சொன்னபடி செய்தது. விளைவு, தன்னையே உணர்ந்துகொண்ட ஒரு வில்லன் உருவாகிக் கப்பலுக்கே ஆபத்தாகிறான். கணினி நாம் நினைத்ததைச் செய்வதில்லை, நாம் சொன்னதைச் செய்கிறது. நிரல் எழுதும் எவரும் முதல் வாரத்திலேயே படும் அடி இது.

1989இல் வந்த இன்னோர் அத்தியாயத்தில் அயல் நிரல் ஒன்று கப்பல் கணினிக்குள் புகுந்து எல்லாவற்றையும் குழப்புகிறது. விண்வெளியின் மிகச் சிறந்த பொறியாளர்கள் கடைசியில் கண்டுபிடித்த தீர்வு என்ன தெரியுமா? எல்லாவற்றையும் நிறுத்தி, கெட்டதை அழித்து, பாதுகாத்து வைத்த பழைய பிரதியிலிருந்து மறுபடி தொடங்குவது! என் கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம் நான் தினமும் சொல்வதும் அதேதான். "பேக்கப் இருக்கா?" என்பதுதான் என் முதல் கேள்வி.

எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் 1991இல் வந்த 'டார்மோக்'. அதில் வரும் வேற்றுக்கிரக மக்கள் பேசும் சொற்களை மொழிபெயர்ப்புக் கருவி சரியாகவே மொழிபெயர்க்கிறது. ஆனால் யாருக்கும் எதுவும் புரியவில்லை. காரணம், அந்த மக்கள் தங்கள் பழங்கதைகளைச் சுட்டிக்காட்டியே பேசுகிறார்கள். யார், எந்த இடத்தில், என்ன செய்தார் என்ற கதை தெரிந்தால்தான் பொருள் புரியும். கப்பல் தலைவர் பிக்கார்ட், அவர்களின் தலைவரோடு ஒரு கிரகத்தில் இரவைக் கழித்து, பூமியின் பழைய கில்காமேஷ் கதையைச் சொல்லி, மெல்ல மெல்லப் புரிந்துகொள்கிறார்.

இதைப் பார்த்தபோது எனக்கு என் பாட்டிதான் நினைவுக்கு வந்தார். காலையில் எழாவிட்டால் "டேய் கும்பகர்ணா" என்பார். இங்கே கேட்டதை அங்கே சொல்லும் அத்தையை "வந்துட்டா நாரதர்" என்பார். இராமாயணம் தெரியாத கணினிக்குக் கும்பகர்ணன் என்பது வெறும் பெயர். சொல்லை மொழிபெயர்க்கலாம், பாட்டியை யார் மொழிபெயர்ப்பது? இன்றைய மொழிபெயர்ப்புச் செயலிகள் வேகமாக முன்னேறியிருக்கின்றன. என்றாலும் நம் வீட்டுப் பேச்சு அவற்றுக்குப் புரிய வேண்டுமென்றால், நம் பேச்சு தெரிந்த ஒருவர் அந்த மென்பொருளைச் செய்யும் இடத்தில் இருக்க வேண்டும்.

காத்திருக்காதவர்கள்

அப்படி இருந்த ஒருவர் நம் நாட்டிலேயே உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். கணினியில் தமிழ் எழுத்து தெரிவதே அதிசயமாக இருந்த காலம் அது. பின்னர் அது 'முரசு அஞ்சல்' ஆக வளர்ந்தது. 2005இல் கைத்தொலைபேசிகளுக்கான 'செல்லினம்' வந்தது. 2013இல் ஆப்பிள் நிறுவனம் ஐஃபோனில் தமிழ் விசைப்பலகைகளைச் சேர்த்தபோது அவற்றுள் ஒன்றின் பெயர் 'அஞ்சல்'. கோலாலம்பூரில் 2001இல் தமிழ் இணைய மாநாடே நடந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தமிழைச் சேர்க்கட்டும் என்று இவர்கள் காத்துக்கொண்டிருக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை இருந்தது. நான் ஒரு முறையில் தட்டி அனுப்பிய கடிதம், உங்களிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் புரியாத குறிகளாகத்தான் தெரியும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் முறை பரவிய பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. 1991இல் வெளிவந்த யூனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஸ்டார் டிரெக்கில் வரும் கிளிங்கான் இனத்தாரின் எழுத்தையும் யூனிகோட்டில் சேர்க்க விண்ணப்பம் போனது. 2001இல் அது நிராகரிக்கப்பட்டது. அந்த மொழியைக் கற்றவர்களே ரோமன் எழுத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். தமிழுக்குக் கிடைத்த இடத்தில் நாம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை. புலனத்தில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இடம் கிடைத்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 'கௌரி' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் ஔகாரக் குறியைப் போட்டு எழுதுவார்கள். சிலர் 'கெ' தட்டி, பக்கத்தில் 'ள' தட்டுவார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது. அகரவரிசையும் அப்படித்தான். யூனிகோட் எண்களின்படி வரிசைப்படுத்தினால் 'ந'வுக்கு அடுத்து 'ன' வந்துவிடும். அதன் பிறகுதான் 'ப' வரும். தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டு மாணவரிடம் கேட்டால், 'ன' கடைசி மெய் என்று சொல்லிவிடுவார். சரியாக வரிசைப்படுத்தும் விதிகள் கணினியில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்று நிரல் எழுதுபவருக்குத் தோன்ற வேண்டும். தமிழ் தெரிந்தவருக்குத்தான் அது தோன்றும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

படிவம் உங்களை ஏற்காவிட்டால் முதலில் பதற வேண்டாம். உங்களைக் குறை சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். திரையில் வந்த செய்தியை அப்படியே படம் பிடியுங்கள். தேதியும் நேரமும் தெரியும்படி எடுங்கள். என்ன எழுதினீர்கள், எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள், என்ன வந்தது என்ற மூன்றையும் வரிசையாக எழுதி, உதவி மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். 'உங்கள் இணையத்தளம் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் யாராலும் எதையும் திருத்த முடியாது. மிக முக்கியமாக, இறுதி நாள் வரை காத்திருக்காதீர்கள். பிழையைச் சொல்லித் திருத்தவும் நாள் வேண்டும் அல்லவா?

கணினித் துறையில் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நிரலை 'அலி', 'ஜான்' என்ற பெயர்களை வைத்து மட்டும் சோதிக்காதீர்கள். உங்கள் முழுப்பெயரை எழுதுங்கள். பாட்டியின் பெயரை எழுதுங்கள். சரவாக் நண்பரின் பெயரை எழுதுங்கள். தமிழில் எழுதிப் பாருங்கள். உங்கள் வகுப்பில் இருப்பவர்களின் பெயர்களே போதும். பாதிப் பிழைகள் அங்கேயே தெரிந்துவிடும்.

அன்றிரவு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவளும் நானும் பத்து மணிக்குள் ஐந்து படங்களோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம். பெயரைத் தவிர மற்ற எல்லா விவரங்களையும் சான்றிதழ்களையும் அதிலேயே இணைத்தோம். நள்ளிரவில் விண்ணப்பம் மூடியது. அக்கா தூங்கவே இல்லை. "தம்பி, என் பிள்ளைக்கும் உனக்கு ஆன மாதிரி ஆயிடுமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. நேரத்திற்குள் அனுப்பியதற்கு அந்த மின்னஞ்சலே சான்று என்று சொல்லி, அவளுடைய விண்ணப்பத்தைத் தனியாக ஏற்றுக்கொண்டார்கள். 2006இல் எனக்கு இது தோன்றியிருந்தால் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

அவள் இப்போது மென்பொருள் படிக்கிறாள். போன மாதம் விடுமுறைக்கு வந்தவள், ரயில் நிலையக் கோப்பிக் கடையில் ரொட்டி பாக்காரும் கோப்பியும் வாங்கிக் கொடுத்தாள். அந்த இணையத்தளத்தைக் கைத்தொலைபேசியில் திறந்து காட்டினாள். கட்டத்தின் கீழே அதே சிவப்பு வரி அப்படியே இருந்தது.

"இன்னும் மாத்தலண்ணே. இந்த வருசமும் யாரோ ஒரு பிள்ளை ராத்திரி உட்கார்ந்து அழும்," என்றாள்.

பிறகு கோப்பியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, ஐந்து படங்களோடு மறுபடியும் ஒரு மின்னஞ்சல் எழுதத் தொடங்கினாள். இந்த முறை அதில், பிழையை எப்படித் திருத்துவது என்றும் எழுதினாள்.